கைராசி டாக்டரைத் தேடும் திருவையாறு குடும்பங்களுக்கு

1/ பொண்ணு முழுகாம இருக்கான்னு தெரிஞ்ச உடனே திருவையாத்துல முதல் கேள்வி: "தஞ்சாவூர்ல கைராசியான டாக்டர் யாரு?" மாமியார் ஒரு பேர் சொல்வார், நாத்தனார் ஒரு பேர் சொல்வார். பிள்ளையைச் சுமக்கிறவளை மட்டும் யாரும் கேட்பதில்லை.

2/ கைராசி என்று ஒன்று மருத்துவத்தில் கிடையாது மக்களே. விடாத தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், குழந்தையின் அசைவு குறைவது, இதையெல்லாம் முதலில் உணர்வது அவள்தான். "இதைப் போய்க் கேட்டா டாக்டரம்மா திட்டுவாங்க" என்று வாயை மூடிக்கொண்டால், ஏறும் ரத்த அழுத்தம் வலிப்பு வரும்வரை தெரியாமலே போகலாம்.

3/ கூச்சப்படாம கேளுங்க. ராத்திரி வலி வந்தா யார் பார்ப்பாங்க? சிசேரியன்னா எதுக்காக? தேசிய குடும்பநல ஆய்வு (2019-21) கணக்குப்படி தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் நூற்றுக்கு 64 சிசேரியன், அரசு மருத்துவமனைகளில் 36. தேவைப்படும்போது அது உயிர் காக்கும், மறுக்கல. காரணம் கேட்டாலே முகம் சுளிக்கிறவர்கிட்ட ஏன் போகணும்?

4/ "ஜிஎச்ல மரியாதை இருக்காது." சில இடத்துல கத்தத்தான் செய்றாங்க, அது தப்பு. ஆனா மாசாமாசம் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகள்ல கர்ப்பிணிகளுக்கு இலவசச் சிறப்புப் பரிசோதனை, 2016-லிருந்து நடக்குது. ஒரு தடவை அவளைக் கூட்டிட்டுப் போய், அவளே பார்த்துச் சொல்லட்டும்.

5/ மனசு ஒட்டலைன்னா மாத்துங்க. ஏழாம் மாசமானாலும் குத்தமில்ல. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எல்லாம் உங்களோடது, கேட்டு வாங்கிட்டுக் கிளம்புங்க.