உயரக் கட்டினால்தான் எடுக்குமா?

எங்கள் வவுனியாப் பக்கத்தில் தொலைக்காட்சிக்கு அன்டெனா கட்டும்போது வாப்பாமார் சொல்லும் வார்த்தை ஒன்றுண்டு: "உயரக் கட்டினால்தான் எடுக்கும்." அது பிழையல்ல. தொலைக்காட்சி அலை பெரும்பாலும் நேர்கோட்டில் வருவது; மரமும் மேடும் மறைத்தால் படம் மங்கிவிடும். ஆனால் ஓரிடத்தில் சரியான விதி எல்லா இடத்திலும் சரியாகுமா?

அமெச்சூர் வானொலியாளர்கள் பேசும் அலைவரிசைகளில் ஒன்று 7 மெகா ஹேர்ட்ஸ். அதன் அலைநீளம் ஏறத்தாழ 42 மீற்றர். 20 மீற்றர் செப்புக் கம்பியை நடுவில் வெட்டி வடத்தைப் பொருத்தினால் அன்டெனா தயார். அதை அரை அலைநீள உயரத்தில், அதாவது 21 மீற்றரில் கட்டு என்பது வழமையான அறிவுரை. தூர தேசத்தோடு பேச அது நல்லது. கொழும்போடு பேசவோ? அலையின் பெரும்பகுதி அடிவானத்தை நோக்கிச் சாய்ந்து சென்று, நமக்கு வேண்டிய ஊரைத் தாண்டி இறங்கும்.

அதே கம்பியை இரண்டு வேப்பமரங்களுக்கிடையே ஐந்தாறு மீற்றரில் கட்டிப் பாருங்கள். அலை நேரே மேலே எழும்பும். பகலில் அயன்மண்டலம் அதைத் திருப்பி அனுப்ப, சுற்றிலும் சில நூறு கிலோமீற்றருக்கு மழைபோல் இறங்கும். நம் நாட்டுக்கு அவ்வளவு போதும்.

புதுமையைப் புறக்கணித்தவர்கள் பட்ட பாடும் உண்டு. நம் கூரைகளில் நிற்கும் மீன்முள் போன்ற அன்டெனாவை 1926இல் ஜப்பானியர்களான உடாவும் யாகியும் உலகுக்கு அறிவித்தனர். சொந்த நாடு அதைப் பொருட்படுத்தவில்லை. 1942இல் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பானியப் படையினர், பிரித்தானியரின் ராடார் குறிப்பில் கண்ட "யாகி" என்ற சொல்லுக்குப் பொருள் தெரியாமல் கைதியிடம் கேட்டார்களாம். அது ஒரு ஜப்பானியரின் பெயர் என்றாராம் அவர்!

அதற்காகப் புதியதெல்லாம் பொன்னல்ல. 20 மீற்றர் கம்பியின் வேலையைக் கையளவு பெட்டி அப்படியே செய்யும் என்பவர்களும் இருக்கிறார்கள். பௌதிகவியல் அதற்கு இடந்தராது. பழையதோ புதியதோ, அளந்து பார்த்த பின்பே ஏற்க வேண்டும் என்பதே என் கருத்து.

இது வெறும் விளையாட்டல்ல. 2004 சுனாமியில் தொலைபேசிகள் செயலிழந்தபோது ஹம்பாந்தோட்டையைக் கொழும்போடு இணைத்தவர்கள் அமெச்சூர் வானொலியாளர்களே. அதே அலை முல்லைத்தீவையும் அழித்தது. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கின. அடுத்த முறை செய்தி சொல்ல வன்னியில் யார் இருப்பார்கள்?

"பெண்பிள்ளைக்கு எதற்குக் கம்பியும் சோல்டரும்?" என்பதும் ஒரு பழைய விதிதான். அதையும் அளந்து பார்ப்போமே. பேசுவதற்குத்தான் பரீட்சையும் அனுமதிப்பத்திரமும் வேண்டும். அதற்கு முதற்படி கேட்பது. பெற்றோரே, ஒரு சிற்றலை வானொலியும் 20 மீற்றர் கம்பியும் தாருங்கள். வேப்பமரங்கள் கல்லூரி வளவிலேயே நிற்கின்றன. ஐந்து மீற்றரில் ஒரு வாரம், பத்து மீற்றரில் ஒரு வாரம் கேட்டுக் குறித்து வைக்கிறோம். எந்த உயரத்தில் எடுக்கிறது என்பதை எங்கள் கொப்பியே சொல்லட்டும்.