பழைய கணினிக்கு இரண்டாவது திரை தகும்

"பத்து வருடப் பழைய டெஸ்க்டாப்பில் இரண்டு மானிட்டர் ஓடாது, புதிது வாங்குங்கள்" என்கிற வாதம் தவறானது. படிக்கிற பிள்ளைகளையும் கணக்கு எழுதுகிறவர்களையும் வீண் செலவில் தள்ளுவது.

2011இல் வந்த இன்டெல் சாண்டி பிரிட்ஜ் பிராசஸரின் உள் கிராஃபிக்ஸே இரண்டு திரைகளைத் தாங்கும். அடுத்த ஆண்டின் ஐவி பிரிட்ஜ் மூன்றைத் தாங்கும். ஆகவே முதலில் கேபினட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். விஜிஏவுடன் எச்டிஎம்ஐ அல்லது டிஸ்ப்ளே போர்ட் இருந்தால், பெரும்பாலும் ஒரு கேபிளோடு வேலை முடிந்தது.

ஒரே போர்ட்தான் என்றால் சிறிய கிராஃபிக்ஸ் கார்டு போதும். "பவர் சப்ளை தாங்காது" என்று பயமுறுத்துகிறார்கள். உதாரணமாக, ஜிடி 1030 கார்டின் ஜிடிடிஆர்5 வகை சுமார் 30 வாட் மட்டுமே எடுக்கும். பிசிஐ எக்ஸ்பிரஸ் x16 ஸ்லாட் 75 வாட் வரை தரவல்லது. தனி மின் இணைப்பே வேண்டாம். ஒல்லியான கேபினட் என்றால் 'லோ புரொஃபைல்' வகையாகக் கேட்டு வாங்க வேண்டும். கார்டு போட்டதும் மதர்போர்டு போர்ட் அணைந்துபோனால், இரண்டு மானிட்டரையும் கார்டிலேயே செருகுங்கள்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது உண்மை. அது மென்பொருளின் காலக்கெடு. அந்த இயந்திரத்தில் லினக்ஸ் நன்றாகவே ஓடும். வீடியோ எடிட்டிங், புதிய கேம் என்றால் புதிய கணினி நியாயம். எக்செல்லும் பிரவுசரும் பக்கத்துப் பக்கத்தில் திறந்திருக்க வேண்டும் என்பவரிடம் அதை விற்பது அநியாயம்.