சுவர் என்றால் சுவர்தான்

தொட்டியத்தில் பேங்க் கவுண்டரில் உட்காருகிறவன் நான். ஒரு செக் வந்தால் யார் எழுதியது, யாருக்கு, என்ன தேதி என்று பார்க்காமல் பாஸ் பண்ண முடியாது. பைபிள் வசனத்துக்கு மட்டும் இது வேண்டாமா தோழர்களே?

எபேசியர் கடிதம் 2ஆம் அதிகாரம், 14ஆம் வசனம். யூதரையும் மற்றவரையும் பிரித்த நடுச்சுவரைக் கிறிஸ்து தகர்த்தார் என்கிறது. பிரசங்கியார் என்ன சொல்றார்? 'அது மனசுக்குள்ள இருக்கிற சுவர்.'

எருசலேம் ஆலயத்தில் நிஜமாகவே கல் தடுப்பு இருந்தது. தாண்டி வரும் அந்நியன் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்று கிரேக்கத்தில் வெட்டிய எச்சரிக்கைக் கல் 1871இல் கிடைத்தது. இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. துரோப்பீமு என்ற எபேசு ஊர்க்காரனை ஆலயத்துக்குள் கூட்டி வந்ததாக நினைத்துத்தான் பவுலை அடித்தார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 21ஐப் புரட்டிப் பாருங்கள்.

திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறையில் தலித் பிணங்களை ஒதுக்க எழுப்பிய சுவர் மனசுக்குள்ளயா எழும்பியது? திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை இந்திய ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட தலித் கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது.

'பைபிளில் சாதியைத் திணிக்காதீங்க' என்கிறார்கள். சரி, ஆலயத் தடுப்பும் சாதியும் ஒன்றல்ல. யூதமதத்தில் முறைப்படி சேர்ந்துவிட்ட அந்நியன் அந்தத் தடுப்பைத் தாண்டலாம். நம்மாளு ஞானஸ்நானம் வாங்கி, பூசை கண்டு, செத்தும் தாண்ட முடியல.

கல்லைக் கல் என்று வாசிப்பவர்கள் நாம். அதை ஆவியாக்குகிறவர்கள்தான் திணிக்கிறார்கள். யார், யாருக்கு, எப்போது என்று கேட்டு வாசியுங்கள். நேர்மையான வாசிப்பு நமக்கு எதிரி அல்ல.