மலை ஏரிக்கு வழி கேட்போம்

தறிக்குழியில் கால்களை இறக்கி, நாள் முழுவதும் பாவிலேயே பார்வை பதித்திருக்கும் இளைஞனுக்கு மலைமேல் ஆசை பிறப்பதில் வியப்பேதுமில்லை. காஞ்சிபுரத்து இளைஞர் ஐவர், கூடாரமும் தூண்டிலுமாக மலை ஏரி ஒன்றின் கரையில் இரண்டு இரவுகள் தங்கி வரத் திட்டமிட்டனர். அவர்களுள் இருவர் நெசவாளர். ஒருவர் என்னிடம் பயின்றவர். பெற்றோர் எளிதில் இசையவில்லை. மூத்தவர் ஒருவர் உடன் சென்றால் அனுப்புவதாகக் கூறினர். அந்த மூத்தவர் நானானேன்.

முதலில் அவர்கள் நாடியது உதகையும் கொடைக்கானலும். நான் இணங்கவில்லை. கூட்டம் மிகுந்து, 2024 மே மாதம் முதல் நீதிமன்ற ஆணைப்படி இ-பாஸ் பெற்றே நுழைய வேண்டிய ஊர்கள் அவை. இயற்கை ஏரிகள் என்று நாம் மயங்குபவையும் மனிதர் கட்டியவையே. கொடைக்கானல் ஏரி, 1863இல் மதுரை ஆட்சியராயிருந்த லெவிஞ்ச் அமைத்தது. நீலகிரி ஓடைகளில் துள்ளும் டிரவுட் மீனோ வெள்ளையர் தம் தூண்டில் விளையாட்டுக்காகக் கொண்டுவந்து விட்டது. அவ்வளவு தொலைவு செல்வானேன்? ஆரணி, போளூர் வழியே ஏறினால் சவ்வாது மலை இருக்கிறதே என்றேன்.

அம்மலையை நான் சொன்னதற்கு வேறொரு காரணமும் உண்டு. தமிழ் பயில்வோர் மலைபடுகடாத்தை மறந்திருக்க மாட்டார்கள். செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் கூத்தரை வழிப்படுத்தும் 583 அடிப் பாட்டு அது. அந்தச் செங்கண்மாதான் இன்றைய செங்கம். அதில் வரும் சேயாறே நம் செய்யாறு. பன்றிக்கு வைத்த பொறி எங்குண்டு, தினைக்காவலர் கவண்கல் எங்குப் பாயும், எந்தக் குடியில் என்ன உணவு கிடைக்கும் என்றெல்லாம் புலவர் எச்சரித்தே அனுப்புகிறார். மலைப்பயணத்துக்கு இதனினும் நல்ல கையேடு உண்டோ, அறியேன். நம் இளைஞரின் கையேடு கைப்பேசிக் காணொளி. அதில் ஏரியின் அழகுண்டு. அந்த ஏரி யாருடையது என்ற செய்தி மட்டும் இராது.

தை மாதக் குளிரில் ஜமுனாமரத்தூரைக் கடந்து, உட்சாலை வழியே ஒரு சிற்றூரை அடைந்தோம். பெரியவர் ஒருவர், சாமை அறுத்துக் கிடந்த தம் நிலத்தில் கூடாரமடிக்க இசைந்தார். அருகே சிறிய ஏரி. இரவில் விண்மீன்கள் கைக்கெட்டுவன போல் இறங்கி நின்றன. அம்மலையின் காவலூரிலிருந்தும் 1977இல் யுரேனஸ் கோளின் வளையங்களைக் கண்டறிந்தனர் என்று நான் விளக்கிக்கொண்டிருக்க, இருவர் மெல்ல நழுவியதை நான் கவனிக்கவில்லை. ஆசிரியருக்கு இது புதிதன்று.

விடிந்தபோது கூடாரத்து வாயிலில் ஏழு ஜிலேபி மீன்களும், எதிரே ஒரு நடுத்தர வயதினரும் இருக்கக் கண்டேன். ஏரியின் மீன்பாட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் அவர். குரல் உயர்த்தாமல், "கேட்டிருந்தால் நானே பிடித்துக் கொடுத்திருப்பேனே, தம்பி" என்றார். ஐவரும் தலை கவிழ்ந்தனர். மீனுக்குரிய விலையை எண்ணி வாங்கிக்கொண்டவர், ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொள்ளவில்லை. மலையின் நாட்டு மீன் என்று அவர்கள் மகிழ்ந்து பிடித்தது, 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன் என்பதை அவர் போன பிறகே சொன்னேன். அந்த நேரத்தில் அது தேவையா என்று என் மாணவர் முகம் கேட்டது.

போகுமுன் அவர் எங்கள் ஊரை விசாரித்தார். காஞ்சிபுரம் என்றதும், "இந்த ஏரி வழிந்தால் ஓடைகளில் இறங்கிச் செய்யாற்றுக்குப் போகும். ஆறு உங்கள் பக்கம்தானே வருகிறது?" என்றார்.

இளைஞரை இத்தகைய பயணங்களுக்கு அனுப்பலாகாது என்போர் நம்மிடையே உளர். அவர்தம் அச்சம் பொருளற்றதன்று. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றோர் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை எந்தப் பெற்றோர் மறப்பர்? ஆயினும், தடுத்தால் அவர்கள் சொல்லாமல் செல்வார்கள். சொல்லாமல் செல்லும் பயணமே கொடிது. காப்புக் காட்டுக்குள் ஒப்புதலின்றி நுழைவதும் தீ மூட்டுவதும் குற்றம் என்பதைக்கூட அறியாமல் செல்வார்கள். 2024இல் தமிழக அரசு 40 மலையேற்றத் தடங்களை வழிகாட்டிகளுடன் திறந்துள்ளது. கல்லூரிகள் அவற்றைப் பயன்படுத்தலாமே! தமிழ்த்துறையே முன்னின்று, மலைபடுகடாத்தைக் கையிலேந்தி மாணவரைச் சவ்வாது மலைக்கு அழைத்துச் செல்வதில் என்ன தடை? தூண்டில் வேண்டுமெனில் அதுவும் இருக்கட்டும். காஞ்சிக்கு வழிசொல்லும் பெரும்பாணாற்றுப்படையிலேயே மூங்கிற் கோலில் தூண்டில் கட்டிய பாண்மகன் இருக்கிறான். இரையைக் கவ்விக்கொண்டு தப்பிய வாளையும் இருக்கிறது. ஆனால் ஏரிக்காரரிடம் கேட்ட பிறகே தூண்டில் நீரில் இறங்க வேண்டும். மலையூர்க்காரர் ஒருவர் வழிகாட்டியாக உடன்வர, அவருக்குரிய கூலியும் பயணச் செலவில் சேர்ந்திருக்க வேண்டும்.

ஊர் திரும்பிய மறுவாரம் அந்த ஐவரும் என்னைத் திருமுக்கூடலுக்கு அழைத்துச் சென்றனர். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் அது. பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திரன் காலத்து மருத்துவமனையைக் கல்வெட்டில் பொறித்து வைத்திருக்கும் கோயிலும் அங்குண்டு. அவர்கள் கோயிலுக்குள் செல்லவில்லை. நேரே ஆற்றில் இறங்கினர். அகன்ற படுகையின் ஓரமாக நீர் ஒற்றை இழையாய் ஓடிக்கொண்டிருந்தது. நெசவாளரான இளைஞர் அதில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "ஐயா, இதில் அந்த ஏரித் தண்ணீர் எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டார்.