கம்பளி நூற்கக் கற்பதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டுமா?

தக்காண ஆட்டின் உரோமம் முரடானது, அதற்குச் சந்தை இல்லை என்னும் தீர்ப்பு இழையியல் வகுப்பறைகள் பலவற்றில் வழங்கிவருகிறது. அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும் மாணவர்களுள் அவ்வுரோமத்தைக் கையால் நூற்றுப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. கருவிகளின் விலை காரணமாகச் சொல்லப்படுகிறது. இக்காரணம் ஆராயத்தக்கது.

நூற்புக்கு முன் உரோமம் தூய்மையாக வேண்டும்; சிக்கு நீங்க வேண்டும்; இழைகள் பிரிந்து ஒழுங்குபெற வேண்டும். முதற்பணிக்கு வெந்நீரும் சிறிது சோப்பும் போதும். அலசும்போது கசக்காதிருந்தால் உரோமம் கட்டிபடாது. குட்டை இழைகளைப் பிரிக்கும் பணியே கார்டிங் எனப்படும் பன்னுதல். அதற்கென விற்கப்படும் அயல்நாட்டுக் கைப்பலகைகளின் விலை பல ஆயிரம் ரூபாய். நாய்க்கு மயிர் வாரும் வளைகம்பித் தூரிகைகள் இரண்டு, சிறிய அளவில், அதே பணியைச் செய்யும். நீண்ட இழைகளுக்குச் சீப்பு வேண்டும். பலகையில் இரு வரிசைத் துளைகளை நெருக்கமாக இட்டு, நீண்ட ஆணிகளைக் கூர்முனை மேலிருக்கச் செருகி, மேசையோடு இறுகப் பிணைத்தால் சீப்பு ஆயத்தம். பன்னிய உரோமம் காற்றோட்டமுள்ள மென்னூலையும், சீவிய உரோமம் வழவழப்பான உறுதியான நூலையும் தரும். பாடநூல் பல பக்கங்களில் விளக்கும் இவ்வேறுபாட்டை விரல்கள் ஒரு பிற்பகலில் உணர்ந்துவிடும்.

மலிவான கருவி தக்காணத்திற்குப் புதிதன்று. கருநாடகத்தின் குருபரும், தெலங்கானாவின் குருமரும், மராட்டியத்தின் தங்கரும் ஆட்டு உரோமத்தில் கம்பளி செய்துவரும் சமூகத்தினர். மர வில்லின் நாணை உரோமக் குவியலில் அதிரவிட்டு இழைகளைப் பிரிப்பதும், பாவுக்குப் புளியங்கொட்டைப் பசையிடுவதும் அவர்தம் தொழில்நுட்பம். ஆய்வகம் எதுவும் வழங்காத கருவிகள் இவை.

இத்தகைய கருவிகளால் ஆலையோடு போட்டியிட இயலாது என்பார் கூற்று உண்மையே. அவற்றை வாழ்வாதாரத் திட்டமென்று விளம்பரப்படுத்துவது இடையரை ஏமாற்றுவதாகும். அவற்றின் பயன் வேறு: தீர்ப்புக் கூறுமுன் பொருளை அறிய அவை துணைபுரிகின்றன. 24 மைக்ரானுக்கும் குறைந்த மெரினோ இழை, உடலை ஒட்டி அணியும் ஆடைக்கு ஏற்றது. மழையிலும் குளிரிலும் மேய்ப்பவர் போர்த்தி, இரவில் விரித்துப் படுக்கும் கம்பளிக்கு உறுதியே முதன்மை. ஒரு துணியின் அளவுகோலால் மற்றொரு துணியின் இழையை அளந்து கழித்துவிடுவது அறிவியல் ஆகாது.

இதன் விளைவு வகுப்பறையோடு நிற்பதில்லை. இறைச்சியை முன்னிறுத்தி, உரோமம் தராத நெல்லூர் ஆட்டினத்தோடு தக்காண ஆடுகள் கலக்கப்பட்டுவருகின்றன. உரோமம் பயனற்றது என்னும் கருத்து அக்கலப்புக்கு வலுவூட்டுகிறது. மந்தையின் இயல்பு ஒருமுறை மாறிவிட்டால் மீட்பது அரிது.

ஆகவே இழையியல் பயிலும் ஒவ்வொரு மாணவரும் முதற்பருவத்திலேயே தம் சீப்பைத் தாமே செய்து, அருகிலுள்ள மந்தையின் உரோமத்தில் 10 கிராமேனும் நூற்க வேண்டும். அதைக் கற்பிக்க நூற்கும் பெண்களை உரிய ஊதியத்தோடு ஆசிரியராக அழைக்க வேண்டும். உரோமத்தின் மதிப்பைப் பற்றிய விவாதம் அதன்பின் தொடங்கட்டும்.