குழந்தையின் கையை ஏன் இழுக்கிறீர்கள்?

ஐப்பசியில் நாலு மழை விழுந்தால் போதும், செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை மதில், கிணற்றடி, மக்கிய கட்டை எல்லாம் உயிர் பிடித்துவிடும். முதலில் அதைப் பார்ப்பது குழந்தைதான். குந்தி உட்கார்ந்து விரலை நீட்டும். நாமோ “சீ, அசிங்கம், தொடாதே!” என்று கையைப் பிடித்து இழுக்கிறோம். பெற்றோரே, இது நியாயமா? பதினொன்றாம் வகுப்பில் மாஸ் வகைப் பாசியான ஃபியூனேரியாவின் படம் வரையத் தெரியவில்லை என்று அதே பிள்ளையைத்தான் திட்டுகிறோம். மதிலில் அந்தக் குழந்தை தொடப் போனதும் அந்த வகைப் பாசியைத்தானே!

பிரியாணிக்குப் போடும் கல்பாசியில் ஒரு துண்டை எடுத்துக் குழந்தையின் உள்ளங்கையில் வையுங்கள். ஒருபுறம் சாம்பல், மறுபுறம் கருப்பு. அது செடியல்ல, ஆல்கா என்ற நுண்பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் லைக்கன். உள்ளிருக்கும் ஆல்கா வெயிலில் உணவு தயாரிக்கிறது. பூஞ்சை அதற்கு இடமும் ஈரமும் தருகிறது. பல லைக்கன்களுக்குப் புகைக்காற்று ஆகாது. பாரிஸ் நகரில் மற்ற இடங்களில் காணாத லைக்கன்கள் லக்ஸம்பர்க் பூங்கா மரங்களில் இருப்பதைக் கண்ட லைக்கன் ஆய்வாளர் நைலாண்டர், காற்றின் தரத்தை இவை காட்டும் என்று 1866-லேயே எழுதினார். ஜி.எஸ்.டி. சாலையோர மரத்தையும் ஏரிக்கரை மரத்தையும் நம் பிள்ளைகளும் ஒப்பிட்டுப் பார்க்கலாமே!

மக்கிய கட்டையில் மஞ்சளாகப் படர்வது ஸ்லைம் மோல்டாக இருக்கலாம். அது காளானல்ல, மெல்ல நகரும். புதிர்ப்பாதையின் இரு முனைகளில் ஓட்ஸ் வைத்தபோது, மூளையே இல்லாத இந்த உயிர் குறுக்குவழியில் தன்னை நீட்டிக்கொண்டதை ஜப்பானின் நாககாகி குழு 2000-இல் காட்டியது.

பயம் வேண்டிய இடத்தில் பயம் வேண்டும். தொட்டால் கை கழுவட்டும்; எதையும் வாயில் வைக்கக் கூடாது. செல்போன் செயலி சொன்னதை நம்பிக் காட்டுக் காளானைச் சமைக்கவே கூடாது. சில காளான்களின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. மாமல்லபுரத்துச் சிற்பங்களில் எதையும் சுரண்டக் கூடாது. அங்கே கண்ணால் பார்த்தால் போதும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று, நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். எதன்மேல் வளர்ந்தது, என்ன நிறம், காளானின் குடைக்கு அடியில் மடிப்பா துளையா, மறுநாள் இடம் மாறியதா என்று எழுதட்டும். பெயர் கேட்டால் “தெரியலையே, சேர்ந்து தேடலாம் வா” என்று சொல்லுங்கள். அடுத்த முறை மாமல்லபுரம் போகும்போது, படம் பிடிக்க நிறுத்திவைக்கும் நேரத்தில் பத்து நிமிடத்தைக் குறைத்து, ஒரு மரத்தடியில் பிள்ளையை அதன் போக்கில் பார்க்க விடுங்கள். நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.