காதைக் குறை சொல்லும் முன்…

போன மாதம் என் மகன் என்னைக் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். சாயங்காலக் காபிக்குப் பிறகு ஒரு மணி நேரம் கச்சேரி கேட்பது, ஓய்வு பெற்ற நாளிலிருந்து எனக்குப் பழக்கம். கொஞ்ச நாளாக இடது பக்கத்திலிருந்து வரும் வயலின், கிணற்றுக்குள் உட்கார்ந்து வாசிப்பது போலக் கேட்டது. அதை வாய்விட்டுச் சொன்னது என் தப்பு. "72 வயசாச்சுப்பா. மிஷின் வெச்சுக்கலாம், இதிலென்ன வெட்கம்?" என்றான்.

டாக்டர் ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, இரண்டு காதுக்கும் தனித்தனியாகச் சத்தம் கொடுத்துப் பார்த்தார். "வயசுக்கு உள்ள குறைதான் சார். ரெண்டு காதும் ஒரே மாதிரிதான் இருக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்டேன். மங்கல் வலது காதுக்கு வந்துவிட்டது! குறை காதில் இல்லை.

சோபாவை நகர்த்தினேன். அலமாரியை இடம் மாற்றியபோது, எலக்ட்ரீஷியன் தம்பி இடது ஸ்பீக்கர் ஒயரில் ஒரு துண்டு சேர்த்து நீளமாக்கியிருந்தார். டேப்பைத் தொட்டதும் கறுப்புப் பசை கையில் ஒட்டியது. உள்ளே செம்பு இழைகள் பச்சையாகக் களிம்பேறிக் கிடந்தன. இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. நாங்கள் இருப்பது திருவான்மியூர். கடல் காற்றுக்குச் செம்பு என்றால் அவ்வளவு பிரியம்.

அன்றைக்கு அந்தத் தம்பி சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது. "ஸ்பீக்கர் ஒயர்தானே சார், ஷாக்கா அடிக்கப்போவுது? முறுக்கி டேப் சுத்துனா போதும்." 31 வருஷம் பிள்ளைகளுக்கு ஓம் விதி சொல்லிக் கொடுத்த நானும் தலையை ஆட்டினேன். அதனால் இந்தக் கோபம் அவர் மேல் மட்டும் இல்லை.

போதாது என்கிறேன். ஷாக் அடிக்காது என்பதுதான் இதில் உள்ள வம்பே. 230 வோல்ட் ஒயரில் ஒட்டு சரியில்லை என்றால் சூடாகும், நாற்றம் வரும், நமக்குத் தெரிந்துவிடும். வீட்டில் பாட்டுக் கேட்கும் அளவுக்கு ஸ்பீக்கர் ஒயரில் இருப்பது இரண்டு, மூன்று வோல்ட்தான். புகையும் வராது, நாற்றமும் வராது. சத்தம்தான் தேயும். 8 ஓம் ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் களிம்பேறிய ஒட்டு இன்னொரு 8 ஓம் சேர்த்தால், ஸ்பீக்கருக்குப் போய்ச் சேரும் சக்தி கால் பங்காகிவிடும். மேலும், நம் வெயிலில் டேப்பின் பசை இளகி நழுவி, இரண்டு கம்பியும் தொட்டுக்கொண்டால் ஆம்ப்ளிஃபயருக்கே ஆபத்து.

தெருவில் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருகிறவர் உங்களுக்கு நினைவிருப்பார். ஆறிய பாத்திரத்தில் அவர் ஈயத்தைத் தேய்த்ததுண்டா? அழுக்கு நீக்கி, துருத்தி ஊதி, பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவிய பிறகுதான் ஈயத்தைத் தொட வைப்பார். அது வெள்ளிபோல ஓடிப் பரவும். ஒயரைப் பற்றவைப்பதும் அதே வேலைதான்.

கறுத்த பகுதியை வெட்டி எறியுங்கள். பளபளப்பான செம்பு தெரியும்படி 2 சென்டிமீட்டர் உரியுங்கள். சூடுபட்டால் சுருங்கும் ஸ்லீவை முதலிலேயே ஒயரில் கோத்துவிடுங்கள். மறந்தால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். இழைகளை ஒன்றுக்குள் ஒன்று விட்டு இறுக்கி முறுக்குங்கள். சால்டரிங் அயர்னால் செம்பைச் சூடாக்கி, அந்தச் சூட்டில் ஈயம் உருகட்டும். நவச்சாரம் வேண்டாம், அது ஒயரை அரித்துவிடும். ஈயக் கம்பிக்குள் இருக்கும் ரோசின் போதும். ஆறும்வரை அசைக்காதீர்கள். இரண்டு ஒட்டும் நேருக்கு நேர் வராமல், ஒன்றை 4 சென்டிமீட்டர் தள்ளிப் போடுங்கள். கோடு போட்ட ஒயரைக் கோடு போட்டதோடுதான் சேர்க்க வேண்டும். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறினால் மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போகும்.

"இந்த வயதில் கை நடுங்குகிறதே" என்பவர்களுக்குத் திருகு கனெக்டர் இருக்கிறது. அதில் செருகும் முனைக்கு ஈயம் வேண்டாம். ஈயம் நாளடைவில் நசுங்கித் திருகு தளர்ந்துவிடும். ஒட்டே இல்லாமல் முழு நீளத்துக்குப் புது ஒயர் போடுவது எல்லாவற்றிலும் உத்தமம். டேப் சுற்றியதை மட்டும் இணைப்பு என்று சொல்லாதீர்கள்.

என் ஆதங்கம் ஒயரோடு முடியவில்லை. வீட்டில் எது மங்கினாலும் "வயசாச்சு" என்று சொல்லி மூடிவிடுகிறார்கள். அதுவும் ஒரு டேப்தான். காதைக் காட்ட வேண்டாம் என்று சொல்லமாட்டேன், அவசியம் காட்டுங்கள். ஆனால் அதற்கு முன் நாற்காலியை ஒருமுறை திருப்பிப் போட்டுக் கேளுங்கள்.

வயலின் இப்போது கிணற்றை விட்டு வெளியே வந்துவிட்டது. மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். ஐந்து நிமிஷம் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்குப்பா. சவுண்டைக் கொஞ்சம் குறைங்க" என்றான்.